சோபாவுக்குச் சேலை

எங்கள் வீட்டு சோபாவுக்கு மூன்று சேலைகள் இருந்தன. பச்சைச் சுங்குடி ஒன்று, ஊதா வாயில் ஒன்று, ஆயா செத்த பிறகு யாரும் உடுத்தாமல் டிரங்குப் பெட்டியில் கிடந்த கோ-ஆப்டெக்ஸ் பருத்திச் சேலை ஒன்று. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும் அம்மா சோபாவுக்குச் சேலை மாற்றுவாள். கைப்பிடியில் ஒரு முடிச்சு, முதுகுப்பக்கம் இரண்டு ஊக்கு, உட்காரும் இடத்துக்கும் சாய்மானத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஒரு சாண் திணிப்பு. "அம்மனுக்குச் சாத்துற மாதிரி சாத்துறா பாரு" என்பார் அப்பா.

பழைய சேலையை உருவியாயிற்று, துவைத்த சேலை இன்னும் கொடியிலிருந்து இறங்கவில்லை என்றால், அந்த இடைவெளியில் சோபாவில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் வசவு. அப்பா தமிழாசிரியர், இதற்கும் ஒரு கதை சொல்வார். முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்த நேரத்தில், வெறுமையாகக் கிடந்த முரசுக் கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிவிட்டார் மோசிகீரனார் என்ற புலவர். வெட்ட வேண்டிய சேர அரசன் வாளை விட்டுவிட்டு அவருக்கு விசிறி வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாட்டு அந்தக் கதையைச் சொல்கிறது. எங்கள் வீட்டில் சேலை இல்லாத சோபாவில் தெரியாமல் உட்காருகிறவருக்கு 'மோசிகீரனார்' என்று பெயர். விசிறி மட்டும் கிடைக்காது. என் தம்பிதான் அதிகம் மோசிகீரனார் ஆனவன்.

அப்பாவுக்கு எதற்கும் ஒரு சங்ககாலச் சான்று வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரே அப்படித்தான்: தொண்டைமான் இளந்திரையன் வெட்டிய திரையனேரிதான் வாய்க்கு வாய் மாறித் தென்னேரி ஆயிற்று என்பார். ஏரியைப் பார்த்தால் நம்பத் தோன்றும். நிறைந்திருக்கும் வருடத்தில் எதிர்க்கரை தெரியாது. அந்த ஏரிக்கரையோரம் 1998 கோடையில் ஒரு டெம்போவில் எங்கள் சோபா வந்தது.

அந்த வருடம் ஊதியக் குழு அரியர்ஸ் போட்டார்கள். கைக்கு வந்த கொஞ்சப் பணத்தில் அப்பா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனார். பழைய தையல் மெஷின், பழைய சைக்கிள், பழைய கிராமபோன், ஏதோ ஒரு பங்களாவைக் காலிசெய்தபோது வந்த கட்டில் பீரோ என்று எல்லாம் தெருவில் கிடக்கும் சந்தை அது. அங்கே மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றையும் ஒற்றை ஒன்றையும் பேரம் பேசி வாங்கி, படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத் ரோட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மெரூன் நிறம். தடவினால் ஒரு பக்கம் கருக்கும், மறுபக்கம் பளபளக்கும். வெல்வெட் என்றார்கள். தெருவே வந்து தடவிப் பார்த்தது. அம்மா மட்டும் குனிந்து மோந்து பார்த்தாள். "யாரோ வூட்டு வாசனை அடிக்குது" என்றாள்.

அதுவரை எங்கள் வீட்டில் உட்காரவும் படுக்கவும் இருந்த எதுவும் தண்ணீருக்கோ வெயிலுக்கோ பயந்ததில்லை. திண்ணையை நாலு செம்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் முடிந்தது. கோரைப்பாயை உதறிச் சுவரில் சாய்த்தால் போதும். கயிற்றுக் கட்டிலைத் தெருவில் கவிழ்த்து வெந்நீர் ஊற்றுவார்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அப்பாவின் ஈசி சேர். மேலே ஒரு கழி, கீழே ஒரு கழி. கழியை உருவினால் துணி கையோடு வந்துவிடும். துவைத்துக் காயவைத்து, கழியை மறுபடி செருகினால் புது நாற்காலி. அதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் துவைக்கத் தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

மெத்தையும் அப்படித்தான். வீட்டில் ஒரே ஒரு இலவம்பஞ்சு மெத்தை உண்டு, பிரசவத்துக்கு வருகிற பெண்களுக்கும் காய்ச்சல்காரர்களுக்கும். வருடம் ஒரு தரமோ இரண்டு வருடத்துக்கு ஒரு தரமோ பஞ்சடிக்கிறவர் தோளில் ஆளுயர வில்லோடு வருவார். நரம்பைச் சுண்டினால் தெரு முனைவரை கேட்கும். புளியமரத்தடியில் மெத்தையின் வாயைப் பிரித்து, கட்டி தட்டிப்போன பஞ்சைக் கொட்டி, வில்லின் நாணை அதில் வைத்து மரக்கட்டையால் தட்டத் தட்ட, ஒரு கூடைப் பஞ்சு நாலு கூடையாக எழும்பும். எங்கள் புருவமெல்லாம் வெள்ளை. இலவ நார் ஒவ்வொன்றும் உள்ளே வெறும் குழல். வெளியே மெழுகு பூசினாற்போல வழவழப்பு. அதனால் தண்ணீர் சட்டென்று ஏறாது. கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். அதே வழவழப்பால் நூலாகத் திரிக்கவும் வராது. வேட்டிக்கு ஆகாத பஞ்சு மெத்தைக்கு வந்த கதை அதுதான். போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் பஞ்சு என்றால் பஞ்சடிக்கிறவர் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார். பஞ்சு எழும்பியதும் உறையில் திணித்து, கோணி ஊசியால் வாயைத் தைத்து, முழுக்கு ஒரு குத்துத் தையல் போட்டு, கூலியும் ஒரு சொம்பு மோரும் வாங்கிக்கொண்டு போவார். திறக்கிறது, கொட்டுகிறது, அடிக்கிறது, மூடுகிறது. அம்மாவுக்குத் தெரிந்த சுத்தம் இது.

சோபாவுக்கு வாயே கிடையாது. சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அடியில் கறுப்புத் துணி வைத்து ஆணி அடித்திருந்தது. "இத்த எப்படி தோய்க்கிறது?" என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை. சந்தையில் அதைக் கேட்க அவருக்குத் தோன்றியிருக்காது.

மூன்றாம் வாரம் யாரோ வீட்டு வாசனைக்குக் காரணம் தெரிந்தது. தொடையில் வரிசையாக மூன்று தடிப்புகள்; முதலில் தம்பிக்கு, அப்புறம் எனக்கு. மூட்டைப்பூச்சி. டார்ச் அடித்துத் தையல் ஓரத்தை விரித்துப் பார்த்தால், மிளகு சிந்தினாற்போலக் கரும்புள்ளிகள். அம்மா அன்று அப்பாவோடு பேசவில்லை.

கட்டில் என்றால் வெந்நீர் ஊற்றியிருப்பாள். இதில் ஊற்ற முடியாதே. மண்ணெண்ணெயைக் கோழி இறகில் தொட்டுத் தையல் வழியே தடவினாள். வசம்பும் நொச்சித் தழையும் இடுக்கில் செருகினாள். அப்பா வாலாஜாபாத்திலிருந்து டிக்-20 பூச்சிமருந்து வாங்கிவந்து அடித்தார். இரண்டு நாள் நாங்கள் திண்ணையில் படுத்தோம். பத்து நாள் அமைதி. பிறகு மறுபடி மூன்று தடிப்பு. பூச்சி செத்தாலும் முட்டை நிற்கும் என்பதும், தீனி இல்லாமல் மாதக்கணக்கில் அது காத்திருக்கும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு மண்ணெண்ணெய் தடவிய சோபாவின் பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினோம் என்பதை இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

கடைசியில் அக்னி நட்சத்திரம்தான் கைகொடுத்தது. நடுப்பகலில் நாலு பேர் சோபாவைத் தூக்கி, கொட்டகைக்கு வாங்கிவைத்திருந்த தகரத் தகட்டின் மேல் வைத்து, மேலேயும் ஒரு தகடு சாத்தினோம். அம்மா சொன்ன யோசனை. ஐம்பது டிகிரியைத் தாண்டினால் பூச்சியும் முட்டையும் தாங்காது. இதை நான் வெகு காலம் கழித்துப் படித்தேன். அம்மாவுக்கு அளவு தெரியாது, தகட்டைத் தொட்டால் கை பொத்துப்போகும் என்பது தெரியும். ஐந்து நாள், திருப்பித் திருப்பி. பூச்சி போயிற்று. ஒரு பக்கத்து மெரூனும் போயிற்று. வெயில் பட்ட முதுகு முழுக்கச் செம்பருத்தி வதங்கின நிறம். அந்த வெளுப்பை மறைக்கத்தான் முதல் சேலை வந்தது.

சேலை வந்த பிறகு அம்மாவுக்கு இன்னொரு எதிரி தெரிந்தது: தலை எண்ணெய். எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய் இல்லாத தலை கிடையாது. சாய்மானத்தில் மூன்று தலைகளின் இடத்தில் மூன்று வட்டம், சேலையைத் தாண்டி வெல்வெட்டுக்கும் இறங்கியிருந்தது. இது நம் ஊருக்கு மட்டுமான வியாதி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் என்று ஒன்றைத் தலையில் தேய்த்துக்கொண்டு நாற்காலி முதுகையெல்லாம் பாழாக்க, வீட்டுப் பெண்கள் அங்கே ஒரு பூவேலைத் துணியைப் போட்டார்கள். அதற்கு 'ஆன்ட்டி மக்காசர்', அதாவது மக்காசர் தடுப்பு, என்றே பெயர். நம் தாலுகா ஆபீஸில் அதிகாரி நாற்காலியின் முதுகில் கிடக்கும் டர்க்கி டவல் அந்த வம்சத்தில் வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இப்போது அது பதவியின் அடையாளம். எண்ணெயை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அம்மா எண்ணெய் வட்டத்துக்குக் கடலைமாவு தூவினாள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் கடலைமாவு எடுக்கும்போது சோபாவின் எண்ணெயை எடுக்காதா என்பது அவள் கணக்கு. எடுத்தது. கூடவே எறும்பையும் அழைத்துவந்தது. ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டதுபோல ஒரு படை. அடுத்த தடவை அப்பாவின் முகப்பவுடரைக் கொட்டி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். நாலு தடவையில் வட்டம் வெளிறிவிட்டது. பவுடர் டப்பா அவ்வளவு சீக்கிரம் காலியாவது எப்படி என்று அப்பா கேட்கவே இல்லை. வெல்வெட்டில் சந்தன வாசனை வந்தபோதும்.

ஒருநாள் விருந்தாளி ஒருவர் காப்பியைக் கவிழ்த்துவிட்டார். நான் ஓடிப்போய் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். கறை மறைந்தது. காய்ந்த பிறகு அதே இடத்தில், முன்பைவிடப் பெரிதாக, விளிம்பு மட்டும் கறுத்த ஒரு வளையம். ஈரம் ஓரத்தில் சீக்கிரம் காயும். காய்ந்த ஓரத்தை நிரப்ப நடுவிலிருந்து நீர் ஓடும். ஓடும் நீர் அழுக்கையும் கூடவே இழுத்துக்கொண்டுபோய் விளிம்பில் போட்டுவிடும். காப்பிக் கறையின் இந்த வளையத்தைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1997இல் ஆராய்ந்து 'நேச்சர்' இதழிலேயே எழுதினார்கள் என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு விழுந்த குட்டுதான் ஞாபகம் வந்தது. "தேய்க்காதடி. ஒத்தி எடு. ஓரத்துலேருந்து நடுவுக்கு வா." அன்று அவள் சொன்னது இன்றைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே கறை சாஸ்திரம். தண்ணீரைக் கொட்டாமல், சோப்புத் தண்ணீரை அடித்து அதன் நுரையை மட்டும் எடுத்துப் பூச வேண்டும் என்பது அதன் இரண்டாம் பாகம். வெளிநாட்டு சோபாக்களில் தண்ணீர் படலாமா, ரசாயனம் மட்டும்தானா, எதுவும் கூடாதா என்று எழுத்துக்குறி போட்டு ஒரு துணிச்சீட்டுத் தைத்திருப்பார்களாம். பல்லாவரம் சந்தைச் சரக்கில் சீட்டுக்கு எங்கே போவது? அம்மா அடிப்பக்கத்து மூலையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், முதலில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பாள். சாயம் போகவில்லை என்றால்தான் மேலே வருவாள்.

தூசிக்கு அவள் வைத்திருந்த வைத்தியம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அப்பாவின் பழைய வெள்ளைத் துண்டை நனைத்து, ஒட்டப் பிழிந்து, சோபாவின் மேல் விரித்து, பிரம்பால் சாத்துவாள். அடிக்க அடிக்க உள்ளிருந்து கிளம்பும் தூசி காற்றில் பறக்காமல் ஈரத்துண்டிலேயே ஒட்டிக்கொள்ளும். துண்டை எடுத்தால் பிரம்பு பட்ட இடமெல்லாம் கறுப்புக் கோடு. அலசி, பிழிந்து, மறுபடி. துண்டு வெள்ளையாகவே வரும்வரை விடமாட்டாள்.

தாம்பரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது கழுத்தில் டை கட்டிய ஒரு பையன் வேக்குவம் கிளீனர் விற்க வந்தான். யுரேகா ஃபோர்ப்ஸ் என்றாலே வீடு வீடாக வருகிற டைக்காரர்கள்தான் என்றிருந்த காலம். குழாய் முனையில் வெள்ளைத் துணி கட்டி சோபாவில் உறிஞ்சி, கறுத்த துணியைக் காட்டி, "பார்த்தீங்களா மேடம், இதுலதான் தினம் உட்கார்றீங்க" என்றான். பெரியம்மா திகைத்துப்போய் நின்றாள். அம்மா, "எங்க வூட்டுத் துண்டுல இதவிட அதிகம் வருந்தம்பி" என்றாள். பையன் பாவம், சிரித்துவிட்டான்.

அந்த மெஷினின் கதையே ஒரு துணியில்தான் ஆரம்பிக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஒரு கருவியைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று தோன்ற, ஓர் உணவு விடுதியில் மெத்தை வைத்த நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். தூசி தொண்டையை அடைத்து இருமல் வந்தது. கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் அழுக்கு அச்சாக நின்றது. கூட இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

இப்படி ஒத்தியும் அடித்தும் சாத்தியும் பதினேழு வருடம் ஓடியது. அப்பா ஓய்வுபெற்றார். நான் கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் ஃப்ளாட்டுக்குப் போனேன். 2015 நவம்பரில் மழை பிடித்தது. டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் கொட்டியது. நாங்கள் மின்சாரமும் போனும் இல்லாமல் மூன்று நாள் மொட்டை மாடிக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தோம். ஊருக்குப் போக வழி திறந்ததும் ஓடினேன். வீடு நின்றது. ஓடு சரிந்து, கூடத்து மூலையில் ஒழுகிய தண்ணீரை மாதம் முழுக்க சோபா குடித்திருந்தது. அம்மாவும் அப்பாவும் உள் அறையில் பாத்திரம் மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். சோபாவை நகர்த்த இருவராலும் ஆகவில்லை. கையை வைத்து அழுத்தினால் பழுப்புத் தண்ணீர் விரலிடுக்கில் வந்தது. நாற்றமென்றால் அப்படி ஒரு நாற்றம்.

"தூக்கிப் போடு" என்றார் அப்பா. அம்மா கேட்கவில்லை. வாலாஜாபாத்தில் பைக் சீட், கார் சீட் தைக்கிற குஷன் கடை பாயைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் வந்து, சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, திருப்புளியால் ஒவ்வொரு ஆணியாக நெம்பினார். கறுப்புத் துணி தொங்கியது. அம்மா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பதினேழு வருடம் பார்க்க ஏங்கிய உள்பக்கம். முதலில் சாக்கு. அதன் கீழ் துருப்பிடித்த ஸ்பிரிங் பாதி, எலாஸ்டிக் பட்டை பாதி. கைப்பிடிக்குள் தேங்காய் நார் என்று நினைத்த இடத்தில் மரத்தூள் மூட்டை. சாய்மானத்தில் பனியன் கம்பெனிக் கழிவுத்துணி, கலர் கலராக. ஸ்பாஞ்சு என்று இருந்தது உட்காரும் இடத்தில் மட்டும் மூன்று விரல் கனம். அதுவும் தொட்டால் மஞ்சளாக உதிர்ந்தது. சட்டம் தேக்கு என்று அப்பா சொல்லிவந்தார். முன்காலிரண்டும்தான் தேக்கு, மீதி பெட்டிப் பலகை.

"வெளியில பட்டு, உள்ள பொட்டு" என்றார் பாய். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "இந்தக் குப்பைக்கா நான் மூணு சேல கட்டினேன்?" அப்பா ஈசி சேரிலிருந்து எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

இடுக்கிலிருந்து வந்தவை தனி: அப்பாவின் பேனா மூடிகள் ஐந்து, கொண்டை ஊசிகள், ஒரு சோழி, என் தம்பி தொலைத்துவிட்டு அடிவாங்கிய ஜாமெட்ரி பாக்ஸ் கவராயம், செல்லாது என்று 2011இலேயே அரசு அறிவித்துவிட்ட 25 பைசா காசுகள் பதினொன்று, எங்களுடையது அல்லாத ஒரு குழந்தை வளையல். வளையலை அம்மா கழுவி பூஜை மாடத்தில் வைத்தாள். யாருடையதோ, நல்லா இருக்கட்டும் என்று.

பாய் என்ன போடட்டும் என்று கேட்டார். அம்மா முக்காலியில் இருந்தபடியே உத்தரவு போட்டாள். அடிக்குத் தென்னை நார் மெத்தை. தண்ணி பட்டாலும் காய்ந்துவிடும். மேலே ஸ்பாஞ்சு, நல்லதாக. சாய்மானத்துக்கு ஒட்டாத, தனித்தனியான திண்டு, அதற்குள் இலவம்பஞ்சு. எல்லாவற்றுக்கும் உறை தனி, உறைக்கு ஜிப். "ஜிப்பு எதுக்கும்மா, தெச்சிட்டா லட்சணமா இருக்கும்" என்றார் பாய். "லட்சணத்த நான் பாத்துக்கறேன், நீங்க வாய வெச்சித் தைங்க" என்றாள். முன்கால் தேக்கை மட்டும் வைத்துக்கொண்டு சட்டத்தையும் மாற்றினார். அப்பா கணக்குப் பார்த்துவிட்டு, புதுசே வாங்கியிருக்கலாம் என்றார். உண்மைதான். ஆனால் புதுசுக்கு வாய் இருந்திருக்காதே.

அந்த சோபா இன்றும் இருக்கிறது. போகிக்கு முந்தின வாரம் உறையெல்லாம் கொடியில் தொங்கும், திண்டுகள் கொல்லைச் சுவரில் வரிசையாக வெயில் காயும். பஞ்சடிக்கிற வில்காரர்தான் வருவதில்லை. அம்மாவே ஜிப்பைத் திறந்து பஞ்சை விரலால் உதிர்த்துவிட்டு மூடுகிறாள். சேலைகள் கைப்பிடித் துணியாகத் தேய்ந்து, கடைசியில் விளக்குத் திரியாகிவிட்டன.

என் ஃப்ளாட்டில் சாம்பல் நிற 'எல்' வடிவ சோபா. என் மகனுக்கு ஆறு வயதில் இளைப்பு வந்தபோது டாக்டர் முதலில் அதைத்தான் விசாரித்தார். மெத்தைத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராதது, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்பொடியைத் தின்று வாழ்கிறது. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு அதுதான் காரணம் என்று 1964இல் நெதர்லாந்தின் லைடனில் ஃபூர்ஹோர்ஸ்ட்டும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பாலேயே உறிஞ்சிக்கொள்கிறது. காற்று காய்ந்தால் அதுவும் காய்ந்து சாகும். டாக்டர் சொல்லச் சொல்ல எனக்குத் தகரத் தகடும் பிரம்பும் ஈரத்துண்டும் கண்ணில் ஆடின. எட்டாவது மாடியில் 'எல்' சோபாவை எந்த வெயிலில் கொண்டுபோய்க் காட்டுவது? வருடம் ஒரு முறை போனில் சொன்னால் இரண்டு பையன்கள் மெஷினோடு வந்து, நுரை பூசி, உறிஞ்சி, வாளியில் கறுத்த தண்ணீரைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

போன முறை அவர்கள் போனதும் அம்மா போன் செய்தாள். விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "உள்ள பிரிச்சிப் பாத்தாங்களா?" என்றாள்.

"இல்லம்மா. மேலதான்."

"ஜிப்பு இருக்குதா அதுக்கு?"

இல்லை. அன்று மத்தியானம் யாரும் வீட்டில் இல்லாதபோது சோபாவின் ஒரு முனையைச் சுவரில் சாய்த்து நிமிர்த்தினேன். அடியில் அதே கறுப்புத் துணி. ஆணிக்குப் பதில் ஸ்டேப்ளர் பின். திருப்புளியால் நாலு பின்னை நெம்பி, கை நுழையுமளவு திறந்து, டார்ச் அடித்தேன். கைப்பிடியின் உள்பக்கத்தை ஒரு டிவி பெட்டியின் அட்டையை வெட்டி அடைத்திருந்தார்கள். அதில் 'இந்தப் பக்கம் மேலே' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த எழுத்தும் ஒரு அம்புக்குறியும். சோபாவைப் பழையபடி இறக்கி வைத்தால் அந்த அம்பு தரையைத்தான் காட்டும்.